தள்ளு கோலும் கடலை மிட்டாயும்

புது ரெஃப்ரிகளான நீங்கள் எல்லோரும் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். நல்லது. நானும் அப்படிக் குடித்துவிட்டுத்தான் மைதானத்தில் இறங்கினேன். அது செரிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

என்னை இங்கே பேசக் கூப்பிட்ட தம்பி, “அண்ணாச்சி, சின்னப் பசங்க மேட்ச்ல கோல்கீப்பர் மேல விழுற ஃபவுலப் பத்தி மட்டும் சொன்னாப் போதும்” என்றார். அந்த ‘மட்டும்’ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெஃப்ரி வேலையில் மற்ற தப்பை எல்லாம் செய்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். த்ரோவை மாற்றிக் கொடுத்தால் நாலு பேர் ஏசுவார்கள், பஸ் ஏறினால் மறந்துவிடும். கோல்கீப்பர் விஷயத்தில் கோட்டைவிட்டால் அது அந்தப் பையனோடு அவன் வீடுவரைக்கும் போகும். ஒரு பையனோடு அவன் அம்மாவும் சேர்ந்து மைதானத்துக்கே வந்துவிட்டாள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ராயகிரிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டராகச் சேர்ந்தேன். சங்கரன்கோவிலில் பள்ளிக்கூடங்களுக்கிடையே கால்பந்துப் போட்டி நடந்தால் ரெஃப்ரி தேவைப்படும். இரண்டு அணிக்கும் சம்பந்தமில்லாத ஆளாக இருக்க வேண்டும், சொந்தமாக விசில் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டு தகுதியும் என்னிடம் இருந்தன. ஓடவும் வேண்டும் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை யாரும் கேட்கவில்லை. என் உடம்பைப் பார்த்துவிட்டு, ‘பாவம், வயசாகிப் போச்சு’ என்று நினைக்காதீர்கள். அப்போதும் இப்படித்தான் இருந்தேன்.

கல்லூரியில் நான் சென்டர் ஃபார்வர்டு. அதிகம் ஓடாத சென்டர் ஃபார்வர்டு எப்படிக் கோல் போடுவான் என்று கேட்பீர்கள். அங்கேதான் தள்ளு கோல் வருகிறது. இப்போது உங்களுக்கு அந்தப் பேரே தெரிந்திருக்காது. அந்தக் காலத்து விதிப்படி, பந்தைக் கையில் வைத்திருக்கும் கோல்கீப்பரைத் தோளோடு தோள் மோதித் தள்ளலாம். ‘முறையாக’ என்று ஒரு வார்த்தை அதில் உண்டு. நம் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். கீப்பர் பந்தைப் பிடித்து உதைப்பதற்குள் இரண்டு மூன்று பேர் பாய்ந்து பந்தையும் பையனையும் சேர்த்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். வலை கிடையாது, இரண்டு சவுக்குக் கம்பு, மேலே ஒரு மூங்கில். அதனால் பையன் எங்கே போய் நிற்பான் என்று யாருக்கும் தெரியாது. சாதாரண கோலைவிடத் தள்ளு கோலுக்குக் கைதட்டல் அதிகம்.

நான் காலால் போட்ட கோலைவிடத் தோளால் போட்டதுதான் அதிகம். கோல்கீப்பர் என்றால் எனக்கு ஒரு கதவு. தள்ளினால் திறக்கும், அவ்வளவுதான். இப்படிப்பட்டவன் கையில் விசிலைக் கொடுத்தால் என்ன ஆகும்? தோளுக்குத் தோள் படுகிறதா, முழங்கை படுகிறதா என்று தையல்காரர் அளவெடுக்கிற மாதிரி தோளையே பார்த்துக்கொண்டிருப்பேன். தோள் சரியாக இருந்தால் கோல். தோளுக்குக் கீழே ஒரு பையன் இருக்கிறானே என்ற நினைப்பு எனக்கு வந்ததேயில்லை.

சங்கரன்கோவிலில் ஊரை ஒட்டி ஒரு கரிசல் மைதானம். ஒரு பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் சற்றுத் தள்ளி உடைமுள் வேலி. உள்ளூர்ப் பள்ளியின் கீப்பர் பெயர் கோமதிநாயகம். அந்த ஊரில் கல்லெறிந்தால் ஒரு சங்கரன் மேலோ ஒரு கோமதி மேலோதான் விழும். இவனை எல்லோரும் கோமதி என்றே கூப்பிடுவார்கள். ஒல்லிப் பையன், விரல் மட்டும் நீளம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்கு நெஞ்சுச் சளி முற்றித் தறி மிதிக்க முடியாமல் போனதால், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து இவன்தான் தறியில் உட்காருவான். அம்மா பேச்சியம்மாள் பீடி சுற்றுவாள். மகன் ஆட்டத்துக்கு வந்தால் அவளும் வருவாள். மடியில் சுளவு என்கிற முறம், அதில் இலையும் தூளும் நூலும். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பந்தைப் பார்த்துக்கொண்டே பீடி சுற்றுவாள். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்கு என்னை ஏசும்.

முதல் மேட்ச்சிலேயே எங்களுக்குள் பழக்கமாகிவிட்டது. கார்னர் ஒன்று வந்தது. கோமதி துள்ளிப் பிடித்தான். கால் தரையில் ஊன்றுவதற்குள் எதிரணிப் பையன்கள் இரண்டு பேர் தோளால் மோதினார்கள். கோமதி பந்தோடு பறந்து முள்வேலிக்குள் போய் விழுந்தான். நான் தோளைப் பார்த்தேன், சுத்தமான தோள். நீளமாக விசில் ஊதி, மைதானத்தின் நடுவை நோக்கிக் கையை நீட்டினேன். அப்படி நீட்டுவதை வீட்டில் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“ஏ விசில் சாரு! எம்பிள்ள முள்ளுக்குள்ள கெடக்கான், நீரு எங்கன கைய நீட்டுதீரு?”

சுளவைத் தரையில் வைத்துவிட்டு பேச்சியம்மாள் எழுந்து வந்தாள். நான் சட்டைப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தேன். “இங்க பாருங்கம்மா, தோளும் தோளும் மோதலாம். புத்தகத்துலயே இருக்கு.”

“அந்தப் பொஸ்தகத்த எழுதுனவன் அவம் பிள்ளைய முள்ளுவேலி முன்னால நிப்பாட்டுனானா?”

இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. பதில் தெரியாத ரெஃப்ரி என்ன செய்வான்? மஞ்சள் அட்டையைத் தேடுவான். கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கத்தரித்து நானே செய்த அட்டை அது. அதை எடுத்து, ஒரு கோல்கீப்பரின் தாயாரை நோக்கி உயர்த்திக் காட்டினேன். பந்து வரலாற்றிலேயே இப்படிச் செய்த முதல் முட்டாள் நானாகத்தான் இருப்பேன்.

அவள் அட்டையை உற்றுப் பார்த்தாள். “என்னது இது? யாருக்குக் கல்யாணம்?”

மைதானம் முழுக்கச் சிரிப்பு. அட்டையை உள்ளே வைத்துவிட்டேன்.

அவள் மகனை உட்கார வைத்து முழங்கையிலும் முதுகிலும் இருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிடுங்கிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “முள்ளு குத்துனா நான் எடுத்துருவேன். கை ஒடிஞ்சா யாரு தறியில உக்காருதது, இந்தச் சாரா வந்து உக்காருவாரு? கேட்டுக்கலே கோமதி. ஒங்கையில மட்டும் அடிபட்டுச்சு, அன்னையோட பந்தும் கெடையாது, பள்ளிக்கூடமும் கெடையாது. விடிஞ்சா தறி, அடைஞ்சா தறிதான். சொல்லிட்டேன்.”

கோமதி பந்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தபோது மெதுவாகச் சொன்னான்: “கோலு சரிதான் சார். எங்கம்மா அப்படித்தான் சத்தம் போடுவா. ஆனா சொன்னதச் செஞ்சுருவா.”

இதைக் கேட்டு பேச்சியம்மாள் நியாயதேவதை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவள் மாதிரி ஓரவஞ்சனைக்காரியை நான் பார்த்ததில்லை. பந்து அடுத்த கோல் பக்கம் இருக்கும்போதே “பெனால்டி குடும்” என்பாள். எதிரணிப் பையன் தும்மினால் ஃபவுல் கேட்பாள். அவள் மகன் தானே தடுக்கி விழுந்தாலும், அந்தப் பள்ளத்தை எதிரணிக்காரன்தான் தோண்டினான் என்பாள். அவள் சொன்னதால் நான் திருந்தினேன் என்றால் அது பொய். நான் திருந்தியது என் தலைமை ஆசிரியரின் தோளால்.

அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு எங்கள் பள்ளியில் ஆசிரியரும் மாணவரும் கலந்து இரண்டு அணியாக ஆடினோம். எனக்குக் குதிகாலில் வலி. ஓட முடியாது என்றதும், “அப்பக் கோலுக்குள்ள நில்லும்” என்று தலைமை ஆசிரியர் தீர்ப்புச் சொல்லிவிட்டு எதிரணிக்குப் போய்விட்டார். பாளையங்கோட்டைப் பக்கத்து மனிதர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் வாசிக்கிறவர். அதிர்ந்து பேச மாட்டார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

முதல்முறையாகக் கோலுக்குள் நின்று உலகத்தைப் பார்த்தேன். பந்து உயரமாக வந்தது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் கண் மேலே போக வேண்டும், கை மேலே போக வேண்டும். வயிறும் விலாவும் திறந்து போட்ட வீடாக நிற்கும். யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்கும், ஆனால் திரும்பிப் பார்க்க முடியாது. பார்த்தால் பந்து போய்விடும். நான் பந்தைப் பிடித்தேன், சத்தியமாகப் பிடித்தேன். அப்புறம் தெரிந்தது, குடிதண்ணீர்த் தொட்டி வழிந்து கிடந்த சகதியில் மல்லாந்து கிடக்கிறேன் என்பது. பந்து இன்னும் நெஞ்சில்தான் இருந்தது. மூச்சைத்தான் காணவில்லை.

தலைமை ஆசிரியர் மரியாதையாகக் கையை நீட்டினார். “என்ன மாஸ்டர், புத்தகப்படி சரிதான?”

“சரிதான் சார்” என்றேன். வாயில் சகதி இருந்ததால் அதற்கு மேல் பேச முடியவில்லை.

பல நாள் எனக்குச் சிரித்தால் வலித்தது, தும்மினால் உயிர் போனது. ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் கேட்டேவிட்டேன். “சார், அன்னைக்கு அப்படி மோதினீங்களே, பந்து எங்க இருந்துச்சுன்னு பாத்தீங்களா?”

“பந்தையா? அத யாரு பாத்தா? உம்ம வயித்தப் பாத்துல்லா ஓடி வந்தேன். அதவிட்டா அம்புட்டுப் பெரிசா வேற என்ன தெரியுது?”

ஆசிரியர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. தோள் எங்கே பட்டது என்று பார்த்துப் பார்த்தே வருஷக்கணக்கில் கோல் கொடுத்திருக்கிறேன். கண் எங்கே இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தம்பிகளா, இன்றைக்கு நான் பேசுவதில் ஒன்றை மட்டும் எடுத்துப் போவதென்றால் இதை எடுத்துப் போங்கள். ஓடி வருகிறவன் பந்தைப் பார்த்து வருகிறானா, ஆளைப் பார்த்து வருகிறானா? பந்தைப் பார்த்து வருகிறவன் கடைசி நேரத்திலும் திரும்புவான். ஆளைப் பார்த்து வருகிறவன் திரும்ப மாட்டான். அவன் கண்ணைப் பார்த்தால் மோதுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அன்று ராத்திரி விதிப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். ‘ரெஃப்ரியின் கருத்தில் ஆபத்தானது என்றால்’ என்று ஒரு வரி அதில் இருந்தது. அதில் பரீட்சைக்குக் கேள்வி வராது என்று நான் தாண்டிப் போன வரி. புத்தகம் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது, நான்தான் உட்காரத் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

அடுத்து வந்தது இறுதி ஆட்டம். சங்கரன்கோவில் பள்ளியும் புளியங்குடிப் பள்ளியும். புளியங்குடிக்குக் கேப்டன் பாண்டி என்கிற சென்டர் ஃபார்வர்டு. படிக்கிற பையன்தான், ஆனால் காலையில் மார்க்கெட்டில் எலுமிச்சை மூட்டை தூக்கிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். அவன் மீசையைப் பார்த்து என் கை தன்னாலே என் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டது. அந்தப் போட்டியில் அவன் போட்ட கோல் எல்லாமே தள்ளு கோல். கெட்ட பையன் இல்லை. மூட்டையைத் தள்ளுகிற மாதிரி கீப்பரைத் தள்ளுவான், தள்ளிவிட்டுத் தூக்கியும் விடுவான். பார்த்தபோது எனக்கு என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது, தோள் மட்டும் இன்னும் கொஞ்சம் அகலம்.

ஆட்டத்துக்கு முன் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டேன். “கீப்பர் ரெண்டு காலும் ஊன்றி நிக்கும்போது தோளோட தோள் மோதலாம். அவன் மேல துள்ளியிருக்கும்போதோ, கீழ விழுந்து பந்தை அணைச்சிருக்கும்போதோ கிட்ட வந்தா விசில் அடிப்பேன்.”

பாண்டி உண்மையாகவே குழம்பிவிட்டான். “அப்பக் கோலு எப்படி சார் போடுதது?”

“காலால போடுலே.”

அவன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனான்.

பேச்சியம்மாள் வழக்கமான இடத்தில் சுளவோடு இருந்தாள். நான் அந்தப் பக்கம் போனபோது குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “சாரே, அந்தத் தடிப்பயலப் பாத்தீரா? இன்னைக்கு எம்பிள்ள கை போச்சுன்னா அவம் படிப்பு போச்சு. நான் சொன்ன சொல்ல மாத்த மாட்டேன்.” அவள் ஏசியபோதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கிறது. அன்று மெதுவாகச் சொன்னபோது பயம் வந்தது.

முதல் பாதியில் பாண்டி இரண்டு தடவை கோமதி துள்ளியிருக்கும்போது மோதினான். இரண்டு தடவையும் விசில் அடித்தேன். அதில் ஒன்றில் பந்து கோட்டைத் தாண்டியிருந்தது; கோல் இல்லை என்றேன். எலுமிச்சை லாரியில் வந்திருந்த புளியங்குடிக் கூட்டம் கொதித்துப் போயிற்று. “ஏ சாரு, கோமதி ஆத்தா பீடி வாங்கிக் குடுத்தாளா?” என்று ஒருவன் கத்தினான். நான் பீடி பிடிக்காதவன் என்று விளக்கம் சொல்லத் திரும்பினேன் பாருங்கள், அதற்குள் பந்து என்னைத் தாண்டிப் போய்விட்டது. கூட்டத்துக்குப் பதில் சொல்லாதீர்கள் என்பதை இந்த இடத்தில் செருகிக்கொள்ளுங்கள்.

இடைவேளையில் ரெஃப்ரிக்கென்று ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கும் கடலை மிட்டாய்க்கும் உள்ள உறவு ஊரறிந்தது. பாதியைத் தின்றுவிட்டு மீதியைச் சட்டைப் பையில் போட்டேன். அதே பையில்தான் விசிலும் இருந்தது. நல்ல வெயில், பாகு இளகிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாதி தொடங்கும்போது விசிலில் சத்தம் வந்தது. அப்புறம் ஒவ்வொரு தடவை ஊதியதும் அதை மறுபடி பையில் போட்டேன். அதுதான் நான் செய்த காரியம்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. புளியங்குடிக்கு ஒரு கார்னர். பந்து கூட்டத்துக்குள் விழுந்து உருண்டது. கோமதி பாய்ந்து கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் தரையில் விழுந்து, இரண்டு கையாலும் பந்தை அணைத்துக்கொண்டான். பாண்டி வந்தான். நான் அவன் கண்ணைப் பார்த்தேன். பந்தைத்தான் பார்த்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பந்தைச் சுற்றிப் பத்து விரல் இருந்தது. அவன் கால் பின்னால் போயிற்று. அந்த வினாடியே முடிவு செய்துவிட்டேன்: ஆபத்தான ஆட்டம், நிறுத்து. விசிலை வாயில் வைத்து என் பலம் கொண்டமட்டும் ஊதினேன்.

புஸ்ஸென்று காற்று வந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி ஊதினேன். வாயில் இனிப்பாக இருந்தது.

நம் பையன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விசில் சத்தம் கேட்கிறவரைக்கும் ஆட்டம் உண்டு. வாயால் கத்தினால் அது கூட்டத்தில் எவனோ கத்துகிறான் என்று நினைப்பார்கள். நான் “நிறுத்துலே! நிறுத்துலே!” என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை. கோமதிக்கும் விசில் கேட்காததால் அவன் பந்தை விடவில்லை. பாண்டியின் முதல் உதை மண்ணில் பட்டது. இரண்டாவதுக்குக் காலைத் தூக்கினான். பின்னால் இன்னும் இரண்டு பேர் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

அப்புறம் நான் செய்தது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஓடிப் போய் அந்தப் பையன்மேல் விழுந்தேன்.

பாண்டியின் உதை என் இடுப்புக்குக் கீழே, பின்பக்கத்தில், நல்ல சதைப்பற்றுள்ள இடத்தில் விழுந்தது. எலுமிச்சை மூட்டையின் கஷ்டம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உதைத்த வேகமும் என் கனமும் சேர்ந்து, நான், கோமதி, பந்து மூன்று பேரும் உருண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். அப்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கோமதியின் மணிக்கட்டு என் முழங்கைக்கு அடியில் இருந்தது.

கையை நானே ஒடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

புளியங்குடிக் கூட்டம் “கோல்! கோல்!” என்று துள்ளியது. அவர்களுடைய டிரில் மாஸ்டர் ஓடி வந்தார். “விசில் ஊதல, பந்து உள்ள போயிட்டு. ரெஃப்ரி மேல பட்டாலும் ஆட்டம் உண்டுல்லாவே. கோல் குடும்!” அவர் சொன்னது புத்தகப்படி சரி. ரெஃப்ரி என்பவன் மைதானத்தின் ஒரு பகுதி. மேட்டில் பட்ட மாதிரி, பள்ளத்தில் பட்ட மாதிரி. தள்ளு கோலை நிறுத்தக் கிளம்பியவன் தானே ஒரு தள்ளு கோல் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

“கொஞ்சம் இரும்வே” என்றேன். அதற்குள் பேச்சியம்மாள் வந்துவிட்டாள். சுளவு கவிழ்ந்து இலையும் தூளும் காற்றில் போய்க்கொண்டிருந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து மகன் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். “மடக்குலே” என்றாள். சுண்டுவிரல் மடங்கியது. “அடுத்தத மடக்கு.” மடங்கியது. ஒவ்வொரு விரலாக மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, மணிக்கட்டை மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். புளியங்குடி மாஸ்டர் என் காதருகே கத்திக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த விரல்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

“வலிக்கா மக்கா?”

“இல்லம்மா. சார்தான் கனமா இருந்தாரு.”

அவள் மறு கையையும் அதே மாதிரி பார்த்தாள். அப்புறம்தான் மூச்சுவிட்டாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ‘டக்’ என்று உடைந்தது என் கைக்கடிகாரத்தின் கண்ணாடி. மாமனார் கல்யாணத்துக்குப் போட்டது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே மருமகன் நானாகத்தான் இருப்பேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உதைபட்ட வலியால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

எழுந்து நின்று சொன்னேன். “கோல் இல்ல. பாண்டி காலத் தூக்குனப்பவே ஆட்டத்த நிறுத்திட்டேன். ஊதவும் ஊதுனேன். சத்தந்தான் வரல.”

“மனசுக்குள்ள ஊதுனதுக்கெல்லாம் ஃப்ரீகிக் உண்டுமாவே?” என்றார் புளியங்குடி மாஸ்டர்.

விசிலை எடுத்து உள்ளங்கையில் தட்டினேன். அரைக் கடலை ஒன்று பாகோடு வந்து விழுந்தது. இரண்டு ஊர்க் கூட்டமும் ஒன்றாகச் சிரித்த ஒரே சந்தர்ப்பம் அதுதான். ஆனால் சிரிப்பு வேறு, கோல் வேறு. சிரித்து முடித்ததும் மறுபடி “கோல் குடு” என்று நெருங்கி வந்தார்கள். நான் சொன்னது சரியான தீர்ப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். ரெஃப்ரி முடிவெடுத்த கணத்திலேயே ஆட்டம் நின்றுவிடுகிறது, விசில் அதை ஊருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் அன்று அந்தச் சட்டத்தைக் கேட்க அங்கே யாரும் தயாராக இல்லை.

காப்பாற்றியது பாண்டி. அவன் அதுவரை ஆணி அடித்து வைத்த மாதிரி அதே இடத்தில் நின்றிருந்தான். திடீரென்று வந்து என் காலில் விழுந்தான். “சார், மன்னிச்சிருங்க சார். பாக்கல சார்.” குனிந்து தூக்கிவிட ஆசைதான். இடுப்பு குனிய விடவில்லை. அவன் தானே எழுந்து தன் மாஸ்டரைப் பார்த்தான். “கோலு வேண்டாம் சார். வாத்தியார மிதிச்சிட்டு வாங்குன கோலக் கொண்டுட்டுப் போனா எங்க அய்யா என்னைய வீட்டுக்குள்ளயே விட மாட்டாரு.”

கேப்டனே அப்படிச் சொன்ன பிறகு மாஸ்டர் கையை உதறிவிட்டுத் திரும்பி நடந்தார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்து கோட்டுக்கு வெளியே போனது. ஆக, நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது: அன்று நீதியைக் காப்பாற்றியது விதியும் இல்லை, விசிலும் இல்லை, என் பின்பக்கம்.

விசிலைக் கழுவி வந்து ஃப்ரீகிக் கொடுத்தேன். கடிகாரம் நின்றுவிட்டதால் மிச்ச நேரத்தைக் குத்துமதிப்பாக விட்டேன். அந்தக் குத்துமதிப்பில் புளியங்குடிக்கு இன்னொரு கார்னர் வந்தது. பாண்டி யாரையும் தொடாமல், தனியாக எம்பி, தலையால் மோதிக் கோல் போட்டான். காலால் போடச் சொன்னேன், தலையால் போட்டான். கோமதி பாய்ந்தும் விரல் நுனியில்தான் பட்டது. சுத்தமான கோல். கையை நடுமைதானத்துக்கு நீட்டினேன். இடுப்பு வலியில் ஸ்டைல் ஒன்றும் வரவில்லை. சங்கரன்கோவில் தோற்றது.

பேச்சியம்மாள் கொட்டிய இலையைப் பொறுக்கிச் சுளவில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் நொண்டிக்கொண்டே அவள் பக்கம் போனேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

“தோக்க வச்சிட்டீருல்லா?” என்றாள். “அந்தக் கோலு ஃபவுலு.”

“அது ஃபவுல் இல்லம்மா.”

“எனக்குத் தெரியும், ஃபவுலுதான்.” கொஞ்ச நேரம் இலையைப் பொறுக்கினாள். அப்புறம் தலையைத் தூக்காமலே சொன்னாள். “இன்னமே விழும்போது பாத்து விழும். ஒமக்கும் கை காலு இருக்குல்லா. வீட்டுல ஒரு பொம்பளப் பிள்ள காத்துட்டுத்தான இருக்கும்.”

இத்தனை வருஷ விசில் வாழ்க்கையில் ரெஃப்ரிக்கும் கை கால் உண்டு என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். அடுத்த தடவை சங்கரன்கோவிலுக்குப் போனபோது, இரண்டு அணியும் வரிசையாக நிற்கும்போதே கோல் கம்பத்திலிருந்து அவள் குரல் வந்தது. “ஏ விசில் சாரு! விசில ஒருக்க ஊதிக் காட்டும்!” ஊதிக் காட்டினேன். “செரி, ஆடுங்க” என்றாள். அதற்கப்புறம் எந்த ஊரிலும் நான் ஊதிப் பார்க்காமல் ஆட்டத்தைத் தொடங்கியதில்லை. அது ஏதோ பெரிய நடைமுறை என்று நினைத்து என்னோடு வந்த ரெஃப்ரிகளும் பழகிக்கொண்டார்கள். உங்களில் சிலரும் செய்வதைப் பார்த்தேன். அதைச் சொல்லிக் கொடுத்தது சங்கமும் இல்லை, சம்மேளனமும் இல்லை. இனிமேல் தெரிந்தே ஊதுங்கள்.

அந்தக் கல்வியாண்டின் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு மேற்பார்வையாளராக என்னைச் சங்கரன்கோவிலுக்கு அனுப்பினார்கள். ஹாலில் பெஞ்சுகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தேன். டிரில் மாஸ்டர்தானே என்று பையன்கள் என்னை மதிக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நீளமான விரல்கள், ஐந்தும் விரிந்து, பந்து வரப்போகிற மாதிரி.

“சார், பேப்பர்” என்றான் கோமதி. கொடுத்த தாள் எல்லாம் எழுதித் தீர்த்துவிட்டிருந்தான்.

கூடுதல் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். மைதானத்தில்கூட நான் அப்படி ஓடியதில்லை.